படம் வெளியானால் வெட்கப்பட வேண்டியவர் யார்? நாகர்கோவில் வழக்கு நமக்குச் சொல்லும் பாடம்

சுசீந்திரத்தில் பேருந்து ஏறினால் இடலாக்குடி, கோட்டாறு தாண்டி சிறிது நேரத்தில் நாகர்கோவில் வந்துவிடும். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, அந்த நகரத்தின் பெயர் தமிழகம் முழுவதும் அடிபட்டது. சமூக ஊடகங்கள் வழியாகப் பெண்களிடம் நட்பாகப் பேசிப் பழகி, பிறகு அவர்களுடைய அந்தரங்கப் படங்களைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்ததாக காசி என்ற இளைஞர் கைது செய்யப்பட்டார். சென்னையைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர் துணிந்து கொடுத்த புகாரே அந்தக் கைதுக்கு வழி திறந்தது. வழக்கு சிபிசிஐடி வசம் போனது. 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

தீர்ப்பு வந்ததோடு நம்மில் பலர் அந்த வழக்கை மறந்துவிட்டோம். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், இந்த வழக்கு தொடர்பான பிணை மனு விசாரணையின்போது, கைப்பற்றப்பட்ட மடிக்கணினியில் சுமார் 120 பெண்கள் தொடர்பான 1,900 படங்களும் 400 வீடியோக்களும் இருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. புகார் கொடுக்க முன்வந்தவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

மீதிப் பெண்கள் எங்கே போனார்கள்? அவர்களும் யாரோ ஒரு வீட்டின் மகள்கள்தான். குற்றவாளியைவிட அவர்கள் அதிகம் அஞ்சியது அத்தாவை, அண்ணனை, மாமியார் வீட்டை, தெருவை. மிரட்டுபவனின் கையில் இருக்கும் படம் அவனுடைய ஆயுதம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பெண்ணின் வீட்டில் அவளுக்காகக் காத்திருக்கும் கோபம்தான் அவனுடைய ஆயுதம். "உங்க வாப்பாவுக்கு அனுப்பவா?" என்ற ஒரு கேள்வியே அவனுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இணையத்தில் நம் தகவல்களைப் பாதுகாப்பது பற்றிப் பேசும்போது கடவுச்சொல், செட்டிங்ஸ் என்று தொடங்குவது வழக்கம். அவையும் தேவைதான். ஆனால் அதற்கு முன் சரிசெய்ய வேண்டியது நம் வீட்டுக்குள் இருக்கிறது.

"படம் போட்டதுதானே தப்பு?"

இப்படி ஒரு செய்தி வந்தவுடன் நம் பகுதிகளில் எழும் முதல் குரல் இதுதான். அடுத்து, பெண் பிள்ளையின் போனைப் பிடுங்கிவிடுவார்கள். அதோடு பிரச்சினை முடிந்ததாக நிம்மதி.

2022 ஜனவரி 1ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். 'புல்லி பாய்' என்ற பெயரில் ஒரு செயலி இணையத்தில் ஏற்றப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு, அவர்களை 'ஏலம்' விடுவதாக அதில் கேலி செய்தார்கள். ஆறு மாதம் முன்பு, 2021 ஜூலையில், 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரில் இதே கொடுமை நடந்திருந்தது. குறிவைக்கப்பட்டவர்கள் பத்திரிகையாளர்கள், விமானி, சமூகச் செயற்பாட்டாளர்கள். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் காணாமல்போன மாணவர் நஜீபின் வயதான தாயாரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அந்தத் தாய் என்ன தப்பு செய்தார்? மகனைத் தேடி வீதிக்கு வந்தார், அவ்வளவுதான்.

அந்தப் படங்களில் பெரும்பாலானவை யாரும் திருடி எடுத்த ரகசியப் படங்கள் அல்ல. கண்ணியமான உடையில், பொதுவெளியில் இருந்த சாதாரணப் படங்கள். ஆக, ஒழுக்கமாக இருந்தால் போதும், ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. தப்பு படத்தில் இல்லை, அதை எடுத்துக் கேவலப்படுத்தியவனிடம் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2021இல் புகார் கொடுத்தும் மாதக்கணக்கில் யாரும் கைதாகவில்லை. 2022இல் பாதிக்கப்பட்ட பெண்கள் பெயரைச் சொல்லி, வெளிப்படையாக, கூட்டமாகப் பேசினார்கள். சில நாட்களிலேயே மும்பை காவல்துறை கைதுகளைத் தொடங்கியது. டெல்லி காவல்துறையும் நடவடிக்கையில் இறங்கி, முந்தைய செயலியை உருவாக்கியதாக ஒருவரைப் பிடித்தது. மௌனம் உடைந்தபோதுதான் சட்டம் நகர்ந்தது.

காவல் நிலையத்துக்குப் போகப் பயப்படுவதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைக் காவல்துறை உயரதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் அவருடைய விவரம் இடம்பெற்றது. மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவருடைய விவரங்களோடு இணையத்தில் பரவியது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கச் சொன்னது.

அரசு இயந்திரமே ரகசியத்தைக் காக்கத் தவறிய இரண்டு நிகழ்வுகள் இவை. ஆனால் இரண்டிலும் முடிவு என்ன ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 2025 ஜூனில் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்த முதல் தகவல் அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தபோது "பாருங்க, எவ்வளவு கொடுமை" என்று இரக்கப்பட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பியவர்களும், தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்தவர்களே.

மார்க்கம் யாரை நோக்கிப் பேசுகிறது?

அந்தரங்கம் என்பது மேற்கிலிருந்து வந்த புதுச் சிந்தனை என்று சிலர் நினைக்கலாம். நம் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அதை அடிப்படை உரிமை என்று அறிவித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று. அல்லாஹ்வின் வேதமோ பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையக் கூடாது என்று சூரா அந்நூரில் (24:27) கட்டளையிட்டுவிட்டது. துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் சூரா அல்ஹுஜுராத் (49:12) தடுக்கிறது. நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் துவாரம் வழியே ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் வந்தது என்று நபியவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது.

இந்தக் கட்டளைகள் எட்டிப் பார்ப்பவரை நோக்கிப் பேசுகின்றன. நாமோ பார்க்கப்பட்டவரை மட்டும் விசாரிக்கிறோம். அடுத்தவர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழியை ஜும்ஆ மேடையில் கேட்கிறோம். வீட்டுக்கு வந்து, யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் வீடியோவை "இது நம்ம ஊர்ப் பிள்ளையா பாருங்க" என்று அனுப்புகிறோம். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராக ஆவதற்குப் போதும் என்ற எச்சரிக்கைக்கு ஃபார்வேர்டு பொத்தான் விதிவிலக்கல்ல.

நாமே கசியவிடும் தகவல்கள்

வெளியாளைக் குறை சொல்வதற்கு முன், நம் சமுதாயத்தில் நல்ல எண்ணத்தோடு நடக்கும் மூன்று காரியங்களைப் பார்ப்போம்.

முதலாவது, நிக்காஹ் பயோடேட்டா. பெண்ணின் படம், பிறந்த தேதி, படிப்பு, வீட்டு முகவரி, வாப்பாவின் செல்போன் எண், அவர் வளைகுடாவில் எங்கே வேலை பார்க்கிறார் என்பது உட்பட எல்லாம் ஒரே பக்கத்தில். ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கலாம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அட்மினுக்கே தெரியாது. மோசடிக்காரன் தேடும் அத்தனையும் அதில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் கணவரின் பெயரைச் சொல்லி, "உங்க பார்சலில் போதைப் பொருள் இருக்கு, நீங்க டிஜிட்டல் கைது" என்று பேசுபவனுக்கு இத்தனை விவரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று யோசிக்கிறோமா? (டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. வீடியோ அழைப்பில் எந்த அதிகாரியும் யாரையும் கைது செய்ய முடியாது.) பயோடேட்டாவில் பெயரும் படிப்பும் ஊரும் போதும். படமும் தொலைபேசி எண்ணும் இரு வீட்டார் பேசத் தொடங்கிய பிறகு நேரில் பரிமாறப்படட்டும்.

இரண்டாவது, உதவி கோரும் பதிவுகள். சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று நோயாளியின் படம், மருத்துவ அறிக்கை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் பகிரப்படுகின்றன. சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆனாலும் அந்தப் பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளைக்கு நாளை வேலையோ திருமணமோ அமையும்போது அது எதிரே வந்து நிற்கும். ஜமாஅத் நிர்வாகிகள் இருவர் விசாரித்து உறுதிப்படுத்தி, தங்கள் பொறுப்பில் அறிவித்தால் நம்பகத்தன்மையும் கிடைக்கும், நோயாளியின் மானமும் காக்கப்படும்.

மூன்றாவது, ரமளான் நிவாரணப் படங்கள். அரிசிப் பையை வாங்கும் விதவைத் தாயின் முகம் முகநூலில். கொடுத்தவர் முகம் சிரிக்கிறது, வாங்குபவர் தலை குனிந்திருக்கிறது. தர்மத்தை மறைத்துக் கொடுப்பதே சிறந்தது (2:271), மனம் புண்படச் செய்து அதைப் பாழாக்காதீர்கள் (2:264) என்று குர்ஆன் சொன்ன பிறகும், நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட அந்தத் தாயின் முகம்தான் வேண்டுமா? பைகளைப் படம் எடுங்கள், ரசீதைப் படம் எடுங்கள்.

செயலிகள் விஷயத்திலும் பொதுவான நல்லெண்ணம் போதாது. தொழுகை நேரம் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' செயலி, பயனாளர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்ததும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததும் 2020 நவம்பரில் ஊடகத்தில் அம்பலமானது. அதன் பின் அந்தத் தொடர்பைத் துண்டிப்பதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. கிப்லா காட்டும் செயலியாக இருந்தாலும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று இருப்பிட அனுமதியைச் சுருக்கிவிடுங்கள்.

மிரட்டல் வந்துவிட்டால்

- பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறை கேட்பான்.
- பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதுதான் ஆதாரம். கணக்கின் பெயர், இணைப்பு, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பிறகு அந்தக் கணக்கைத் தடை செய்யுங்கள்.
- பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.
- தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகள் குறித்துப் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தையும் அணுகலாம்.
- படம் பரவும் என்ற அச்சம் இருந்தால் 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாகி, அது மட்டும் அனுப்பப்படும். சேவையில் இணைந்துள்ள நிறுவனங்கள் அந்தக் குறியீட்டை வைத்து, தங்கள் தளங்களில் படம் ஏறாமல் தடுக்கும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற சேவை உண்டு.
- அனுமதியின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரியது.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாகவே முழு நடைமுறைக்கு வருகின்றன. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை என்கிறது அந்தச் சட்டம். நல்லதுதான். ஆனால் பெற்றோரிடம் பிள்ளை பேசுகிறதா என்பதை எந்தச் சட்டமும் உறுதிசெய்ய முடியாது.

மகளிடம் இன்று சொல்ல வேண்டியது

மகளிடம் மட்டுமல்ல, மகனிடமும்தான். பையன்களுக்கு வீடியோ அழைப்பு விடுத்து, பதிவு செய்து மிரட்டும் கும்பல்கள் பெருகியிருக்கின்றன. அவர்கள் வீட்டில் சொல்ல இன்னும் கூச்சப்படுகிறார்கள்.

இன்று இஷா தொழுது வந்து, சாப்பிட உட்காரும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும், தப்பு உன்மேலேயே இருந்தாலும், முதல்ல என்கிட்ட வா. நான் உன்னை அடிக்க மாட்டேன். அப்புறம் என்ன செய்யலாம்னு சேர்ந்து யோசிப்போம்." வெளிநாட்டில் இருக்கும் தந்தைமார்கள் போனில் சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். கண்டிக்க வேண்டியது இருந்தால், ஆபத்து நீங்கிய பிறகு கண்டிக்கலாம். தவ்பாவின் கதவை அல்லாஹ் திறந்தே வைத்திருக்கும்போது நாம் வீட்டுக் கதவை மூட வேண்டாம்.

மஹல்லா ஜமாஅத்துகள் ஒவ்வொன்றும் விஷயம் அறிந்த, நாவடக்கம் உள்ள இரண்டு பெண்களை இதற்கென நியமிக்கலாம். ஆலிமாவோ, ஆசிரியையோ, வழக்கறிஞரோ யாராக இருந்தாலும் சரி. வீட்டில் சொல்ல முடியாத பிள்ளை அவர்களிடமாவது சொல்லட்டும்.

அந்த மடிக்கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட 120 பேரில் பத்துப் பேருக்காவது இப்படி ஒரு வீடும் இப்படி ஒரு மஹல்லாவும் இருந்திருந்தால், அந்த எண்ணிக்கை 120 வரை போயிருக்காது. முதலில் மிரட்டப்பட்ட பெண்ணுக்கு வீட்டில் பேச வாய்ப்பு இருந்திருந்தால், அவருக்குப் பின் வந்த பெண்கள் தப்பியிருப்பார்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் மானத்தைக் காப்பானாக. அடுத்தவர் பிள்ளைகளின் மானத்தைக் காப்பவர்களாக நம்மையும் ஆக்குவானாக. ஆமீன்.