பழியைக் கடல்நாய்மேல் போடாதே: கனடாவின் வணிக வேட்டைக்கு எதிரான கண்டன அறிக்கை

நியூபவுண்ட்லாந்துக் கடலின் பனித்தட்டுகளில் நடக்கும் வணிகக் கடல்நாய் வேட்டையை 'எண்ணிக்கைக் கட்டுப்பாடு' என்ற பெயரில் நியாயப்படுத்தும் அரசியலை, கனடாவில் வாழும் தமிழர்களாகிய எமது சங்கத்தினர் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இந்த வேட்டையில் சாகிறவை பெரும்பாலும் மூன்று மாதம்கூட நிறையாத ஹார்ப் கடல்நாய்க் குட்டிகள். வெண்மயிர்க் குட்டிகளைக் கொல்வதற்கு 1987 இல் தடை வந்தது உண்மைதான். ஆனால் பிறந்த சில வாரங்களிலேயே அந்த மயிர் உதிர்ந்துவிடுகிறது. அதன்பின் தடியும் துப்பாக்கியும் சட்டபூர்வம். அடித்தபின் மண்டையோடு நொறுங்கிவிட்டதா என்று தடவிப் பார்க்க வேண்டுமாம். இப்படி விதி எழுத வேண்டியிருக்கும் ஒரு தொழிலை மனிதாபிமானமானது என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

கொட் மீனைக் கடல்நாய் தின்று தீர்க்கிறது என்பதே வேட்டையை ஆதரிப்போரின் பெரிய வாதம். 1968 இல் மட்டும் வடபகுதிக் கொட் 8 இலட்சம் தொன்னுக்கு மேல் அள்ளப்பட்டது. அள்ளியவை பெரும்பாலும் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள். பிறகு கனடியக் கப்பல்களும் அதே வழியில் போயின. 1992 ஜூலை 2 ஆம் திகதி மீன்பிடிக்குத் தடை விழுந்தபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். இழுவைப் படகு ஒரு கடலை என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நியூபவுண்ட்லாந்துக் கடலில் கொட்டின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானித்தவை மீன்பிடியும் கொட்டின் இரையான கெப்லின் மீனுமே, கடல்நாய் அல்ல என்று கனடிய மீன்பிடித் திணைக்களத்தின் விஞ்ஞானிகளே 2014 இல் எழுதினார்கள். அந்தக் கெப்லினைப் பிடிக்க இன்னமும் உரிமம் கொடுப்பது யார்?

சென் லோரன்ஸ் வளைகுடாவின் தெற்கில் சாம்பல் கடல்நாய்களால் கொட்டுக்குப் பாதிப்பு இருப்பதை நாம் மறுக்கவில்லை. அது வேறு கடல்நாய், வேறு கடல். அதைக் காட்டி ஹார்ப் குட்டிகளைக் கொல்வது அறிவியலாகாது.

சந்தையும் சுருங்கிவிட்டது. அமெரிக்கா 1972 இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2009 இலும் கதவை மூடின. ரஷ்யாவும் 2011 இல் தோல் இறக்குமதியை நிறுத்தியது. ஐரோப்பியத் தடைக்கு எதிராகக் கனடா உலக வர்த்தக நிறுவனம்வரை போயும், விலங்குநலன் குறித்த பொது ஒழுக்கத்தைக் காக்கும் உரிமை ஏற்கப்பட்டு 2014 இல் தடை நிலைத்தது. 4 இலட்சம் என்று 2011 இல் உயர்த்திய வேட்டை உச்சவரம்பைப் படகுகள் ஒரு வருடமும் எட்டவில்லை.

எமது கண்டனம் அந்தக் கரையின் மீனவர்மீது அல்ல. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களைக் கடலிலிருந்து தூக்கியவர்கள் கஸ் டால்டனும் அவரோடு வந்த நியூபவுண்ட்லாந்து மீனவர்களுமே. அந்தக் கடனை எம் சமூகம் மறக்காது. அதனால்தான் கேட்கிறோம்: குட்டித் தோலை நம்பி வாழும் நிலைக்கு அவர்களை விடாதீர்கள். வேட்டை உரிமங்களை நியாயமான விலைக்கு அரசே திரும்ப வாங்கட்டும். கெப்லின் பிடிப்பை நிறுத்தட்டும். 2024 இல் கொட் தடையை நீக்கியபோது பெரிய இழுவைக் கப்பல்களுக்குக் கொடுத்த பங்கைக் கரையோரச் சிறு படகுகளுக்கே திருப்பிக் கொடுக்கட்டும்.

உணவுக்காகவும் உடைக்காகவும் இனுயிட் மக்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேட்டை இந்தக் கண்டனத்துக்குள் வராது. அவர்களுடைய உரிமையைக் கேடயமாகப் பிடித்து வணிக வேட்டையைக் காப்பாற்றுவதையும் உடனே நிறுத்த வேண்டும்.

செயற்குழு