லைக் போட்டவர்கள் யார்?

சென்ற வாரம் சேத்தியாத்தோப்பில் சிதம்பரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர். நாலு தலையும் ஒரே செல்போனுக்குள்! யாரோ ஒரு வாலிபன் கஞ்சாப் புகையை வளையம் வளையமாக விடுகிற படம். மூன்று பேர் 'ஆஹா!' என்றார்கள். நாலாவது பையன் மட்டும் முகத்தைச் சுளித்தான்.

"பத்தாயிரம் பேர் லைக் போட்டிருக்கான்டா! அத்தனை பேரும் முட்டாளா?" என்று ஒருவன் கேட்டான்.

பாவம், சுளித்த முகம் சிரித்த முகமாகிவிட்டது.

அந்தக் கேள்விக்கு 2016-லேயே ஒரு பதில் வந்திருக்கிறது, நேயர்களே! அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில், 13 முதல் 18 வயது வரையுள்ள 32 பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராமில் வருவது போலப் படங்களைக் காட்டினார்கள். கஞ்சாப் படங்களும் அவற்றில் உண்டு. ஒரே படம்தான், பாதிப் பேருக்கு அதில் நிறைய லைக், மீதிப் பேருக்குச் சொற்பம். நிறைய லைக் தெரிந்தபோதுதான் பிள்ளைகளுக்கும் படம் அதிகம் பிடித்தது! அபாயமான படங்களைப் பார்க்கையில், 'வேண்டாம்' என்று கடிவாளம் பிடிக்கும் மூளைப் பகுதிகளும் சற்று அடங்கிப் போயின. வேடிக்கை என்ன தெரியுமா? அந்த லைக் எண்ணிக்கையெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களே போட்டது!

இதை உங்கள் பிள்ளையிடம் கதையாகச் சொல்லுங்கள். செல்போனைப் பிடுங்கி வைத்தால் மட்டும் போதாது. சிநேகிதன் செல்போன் இருக்கவே இருக்கிறது. "வெறும் இலைதானே?" என்று அவன் கேட்டால், மூளை முதிர்ந்து முடியச் சுமார் 25 வயதாகும் என்று சொல்லுங்கள். அதற்குள் கஞ்சா பழகினால் ஞாபகமும் கவனமும் கெடும். சிலருக்குப் புத்தியே பேதலித்துவிடும்.

ஏற்கெனவே பழகிவிட்டானா? மானம் போகுமே, போலீஸ் வருமே என்று மூடி வைக்காதீர்கள். 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டமே இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாகவே வந்து, அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுதும் முடித்தால், உபயோகித்த குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்துவதில்லை என்கிறது அதன் 64ஏ பிரிவு. 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள், கட்டணம் கிடையாது.

அந்த நாலாவது பையனை என்னால் மறக்க முடியவில்லை. "நீ முகம் சுளித்ததுதான் சரி, தம்பி" என்று சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். பக்கத்திலேயே நின்ற நானும் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். நீங்களாவது இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்!