ஜாமீன் என்றால் விடுதலை அல்ல!

"போலீஸ் பிடிக்குது, கோர்ட்டு விடுது!" கஞ்சா வழக்கில் யாராவது ஜாமீனில் வந்துவிட்டால் போதும், நெல்லிக்குப்பம் டீக்கடைகளில் இதுதான் பேச்சு. கடலூர் பஸ்சில் ஏறினாலும் இதே பேச்சு.

கோபம் நியாயமானதுதான். பள்ளிக்கூடத்துப் பையன் கையில் பொட்டலம் போய்ச் சேருகிறது என்றால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேரும் இடம் சரியா?

ஜாமீன் என்பது விடுதலை அல்ல. தீர்ப்பு வரும்வரை ஆளை உள்ளே வைப்பதா, வெளியே விடுவதா என்ற கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். வழக்கு அப்படியே இருக்கும். வாய்தா தவறாமல் வந்து நிற்க வேண்டும். தவறினால் மறுபடி கம்பி!

போதைப்பொருள் வழக்கில் அந்தப் பதில் தராசில் ஆரம்பிக்கிறது. சட்டம் வந்தது 1985-ல். ஜாமீன் பிடி இறுகியது 1989-ல். எடைக்குத் தக்க தண்டனை என்று திருத்தியது 2001-ல். கஞ்சா 1 கிலோவுக்குக் கீழே என்றால் 'சிறு அளவு'. ஒரு வருஷம் வரை ஜெயில். 20 கிலோவுக்கு மேலே போனால் 'வணிக அளவு'. குறைந்தது 10 வருஷம், கூடினால் 20 வருஷம். ஹெராயின் என்றால் 250 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு!

வணிக அளவு என்றதும் 37-வது பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வக்கீல் எதிர்த்தால், 'இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப இடம் இருக்கிறது. வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்யமாட்டார்' என்று இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். வராவிட்டால் ஜாமீன் இல்லை. கோர்ட்டு சும்மா விடுகிறது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் எடை சரியாக இருக்க வேண்டாமா? தோகையோடும் மண்ணோடும் வந்த கரும்புக்கு எடை கழிப்பார்கள் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிதான். நுனியோடு சேராத வெறும் இலையும் விதையும் கணக்கில் வராது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக நிறுத்தினால் பிறகு கோர்ட்டில் கேள்வி வரும். அதனால்தான் மாஜிஸ்திரேட் முன்னால் சாம்பிள் எடுக்க வேண்டும் என்கிறது 52-ஏ பிரிவு. அதில் கோட்டை விட்டால் பெரிய வியாபாரிக்குத்தான் கொண்டாட்டம்!

'ஒப்புக்கொண்டான்' என்ற ஒரே வார்த்தையும் இனி செல்லாது. அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் சாட்சியமாக ஏற்க முடியாது என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு 2020 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அடுத்தது தாமதம். வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் கெடு. அரசு வக்கீல் காரணம் காட்டிக் கேட்டால் ஒரு வருஷம் வரை நீட்டலாம். கெடு தாண்டினால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. எடை எவ்வளவாக இருந்தாலும் சரி! அப்போது வெளியே விட்டது கோர்ட்டா, தூங்கிய ஃபைலா?

விசாரணை இழுத்தாலும் இதே கதைதான். ஏழு வருஷத்துக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்த ஒருவருக்கு 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. 'உள்ளே இருந்த காலம் மட்டும் போதாது' என்று 2022-ல் சொன்னதும் அதே கோர்ட்டுதான். இரண்டையும் எடை போட்டுத்தான் நீதிபதிகள் முடிவு செய்கிறார்கள்.

கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையாக இருக்கட்டும், வேறு எந்தச் சிறையாக இருக்கட்டும். குற்றவாளி என்றால் தண்டனையோடு இருக்கட்டும்; நிரபராதி என்றால் வீட்டுக்குப் போகட்டும். இரண்டும் இல்லாமல் வருஷக்கணக்கில் வைத்திருப்பது யாருக்கு நல்லது?

எனவே எடையில் சுத்தம், கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை, சிறப்பு நீதிமன்றத்தில் இழுத்தடிக்காத விசாரணை. இந்த மூன்றும் நடந்தால் பொட்டலம் விற்பவனுக்கு ஜாமீன் தைரியம் வராது. நடக்காவிட்டால் எவ்வளவு கடுமையான சட்டம் போட்டாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்!