37 வயசுல ஒரு அறிமுகம்

கால்பந்துன்னா கோல் போடறவங்க பேருதான் நமக்கு ஞாபகம் இருக்கு. தடுக்கிறவனை யார் கண்டுக்கறா?

எனக்குப் பிடிச்சவர் கிரஹாம் அலெக்சாண்டர். ஸ்கந்தோர்ப், லூட்டன், பிரஸ்டன்னு கீழ் டிவிஷன்கள்லயே காலம் தள்ளின ரைட் பேக். 2009ல பர்ன்லி மேல ஏறினப்போதான் பிரிமியர் லீக்ல கால் வெச்சார். வயசு 37!

"திறமை இருந்தா முன்னாடியே வந்திருப்பானே"ன்னு சிலர் சொல்லலாம். நான் ஒத்துக்க மாட்டேன். மேல போறதுக்காக மட்டும் ஆடியிருந்தா முப்பதுலயே வெறுத்துப் போயிருப்பார். வாராவாரம் ஆடறதே அவருக்கு வாழ்க்கை. 2011ல ஆயிரமாவது ஆட்டம். 2012ல பிரஸ்டனுக்காக ஆடின கடைசி மேட்ச்ல, கடைசி நேர ஃப்ரீ கிக்கை கோலாக்கி 2-2ன்னு சமன் பண்ணிட்டுத்தான் போனார்.

ஜெயிச்சவன்னா இவன்தான் மக்கா. நீங்க என்ன சொல்றீங்க?