பாராட்டு போதும், பணியிடம் வேண்டும்

2019 அக்டோபரில் பிராஞ்சல் பாட்டீல் திருவனந்தபுரம் சார் ஆட்சியராகப் பொறுப்பேற்றபோது நாடெங்கும் வாழ்த்துகள் குவிந்தன. மும்பையை அடுத்த உல்லாஸ்நகரைச் சேர்ந்த அவர் ஆறு வயதில் பார்வையை இழந்தவர். தாதர் கமலா மேத்தா பார்வையற்றோர் பள்ளியிலும் புனித சேவியர் கல்லூரியிலும் பயின்றவர். வாழ்த்தியவர்கள் வசதியாக மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்விலேயே அவர் 773ஆவது இடத்தில் தேறியிருந்தார். ரயில்வே கணக்குப் பணிக்கு ஒதுக்கப்பட்ட அவரை, முற்றிலும் பார்வையற்றவர் என்று காரணம் காட்டி ரயில்வே நிர்வாகம் ஏற்க மறுத்தது. கணக்குப் பார்க்கக் கண் வேண்டுமாம்! மறுபடியும் தேர்வெழுதி 124ஆவது இடம் பெற்ற பிறகே அவர் ஆட்சிப் பணிக்குள் நுழைய முடிந்தது.

அவர் படித்த பள்ளி தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் தொலைவில் இல்லை. ஆயினும் தாராவியின் ஒற்றையறை வீட்டில் வளரும் பார்வையற்ற குழந்தை, தன்னைப் போன்ற ஒருவர் வேலைக்குச் சென்று குடும்பம் நடத்துகிறார் என்று அறியும் வாய்ப்பு அரிது. இரக்கப்பட உறவினர் உண்டு. வழி சொல்ல ஆள் இல்லை. தங்களுக்குப் பின் இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்ற பெற்றோரின் அச்சம் அறிவுரைகளால் தீராது. உழைத்து ஊதியம் பெறும் பார்வையற்ற ஒருவர் அந்த வீட்டில் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசினால் அந்த அச்சம் தளரத் தொடங்கும்.

வெண்கோலைக் கொண்டு சயான் நிலையத்தின் நெரிசலைக் கடப்பதும், மாற்றுத்திறனாளிகள் பெட்டி நிற்குமிடத்தை நடைமேடையின் ஒலிக்குறிப்பால் கண்டுகொள்வதும், தேர்வுக்குப் பதிலி எழுத்தரை விதிப்படி கோருவதும் அனுபவத்தால் வருபவை. பார்வையுள்ளவர் இவற்றை ஏட்டறிவாகவே சொல்ல முடியும். கணினித் திரையைப் படித்துக்காட்டும் என்விடிஏ என்னும் மென்பொருளை 2006இல் உருவாக்கத் தொடங்கியவர்களே ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர்கள்தாம். அது இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது.

ஆனால், தனிமனித மனவுறுதிக் கதைகளோடு பெருமுதலாளித்துவ ஊடகங்கள் நின்றுவிடுகின்றன. உரிமைகள் அப்படி வந்தவை அல்ல. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடஒதுக்கீட்டைக் கணக்கிடுவதில் அரசு செய்த குளறுபடிக்கு எதிராகப் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு நீதிமன்றம் சென்றது. பார்வையற்ற மூத்த வழக்கறிஞர் எஸ்.கே.ருங்டாவே அதற்காக வாதாடினார். மொத்தக் காலியிடங்களின் அடிப்படையிலேயே கணக்கிட வேண்டும் என்று 2013 அக்டோபர் 8 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் பார்வையற்றோருக்கும் குறைபார்வையுடையோருக்கும் 1 சதவீதம். பணியிடங்களை நிரப்பாமல் ஒப்பந்தத் தொழிலாளரை வைத்தே ஒன்றிய அரசு ரயில்வேயையும் வங்கிகளையும் நடத்துமானால், அந்த ஒரு சதவீதம் எதில் ஒரு சதவீதம்? பொதுத்துறை விற்கப்படும்போது இந்தச் சொற்ப இடங்களும் சேர்ந்தே போகின்றன. தனியார் முதலாளிகளுக்கோ இந்த இடஒதுக்கீட்டுக் கட்டாயம் எதுவும் கிடையாது.

நிலுவைப் பணியிடங்களை நிரப்பக் கோரும் போராட்டத்தைத் தொழிற்சங்கங்கள் தமது சொந்தப் போராட்டமாக நடத்த வேண்டும். வங்கி, ரயில்வே, காப்பீட்டுச் சங்கங்களில் உள்ள பார்வையற்ற உறுப்பினர்களை, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தோழர்கள் அணுகலாம். அவர்கள் இசைந்தால், பார்வையற்ற பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துச் செல்லலாம். சால்வை போர்த்தும் விழாவாக இது சுருங்கிவிடக் கூடாது. அக்குடும்பங்களின் பட்டியலை அடுத்த கிளைக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.