22 என்று சிமிட்டிய விளக்கு

என் அக்கா மகனுக்கு இரண்டு வாழ்க்கை. திங்கள் முதல் வெள்ளி வரை விடியும் முன்பே பஸ் ஏறி, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை. சனி, ஞாயிறு வந்துவிட்டால் ஸ்கூடாய் வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஹோண்டா சிவிக்தான் அவன் உலகம். 1990களின் தொடக்கத்தில் வந்த ஐந்தாம் தலைமுறை. ‘ஈஜி’ என்று பிள்ளைகள் செல்லமாகச் சொல்லும் வண்டி. உள்ளே இருப்பது ‘பி16ஏ’ விடெக் இஞ்சின். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவரப்பட்ட ‘ஹாஃப் கட்’ காரிலிருந்து எடுத்துப் பொருத்தி, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்தது. வயதில் அவனுக்கு அண்ணன் அந்தக் கார்.

அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. “இதை வித்துட்டு ஒரு மைவி வாங்குடா” என்பது அந்த வீட்டில் தினமும் கேட்கும் வசனம்.

ஒரு ஞாயிறு காலை என் வீட்டுக்கு வந்தான். “மாமா, இஞ்சின் விளக்கு எரியுது. கோட் எடுத்துப் பார்த்துட்டேன். 22. விடெக் பிரஷர் சுவிட்ச் போச்சு. ஹாஃப் கட் கடையில சொல்லி வெச்சிட்டேன், நாளைக்கு வாங்கிடுவேன்.”

“சுவிட்ச் போச்சுன்னு யாரு சொன்னா?”

“கோட் சொல்லுதே மாமா!”

இந்த வாரம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். கோட் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் அந்த எண்ணை அவன் எப்படி எடுத்தான் என்று பார்ப்போம். இணையக் கடையில் வாங்கிய புளூடூத் கருவியைத்தான் முதலில் தேடினான். செருக இடமில்லை. அந்தக் கருவி 16 முனை கொண்ட பொதுவான இணைப்புக்கானது. ஓபிடி-2 எனப்படும் அந்த முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வழி வைத்திருந்தது. ஹோண்டாவின் வழிக்கு ஒரு பேப்பர் கிளிப் போதும்.

பயணி இருக்கையின் முன்னே, டேஷ்போர்டுக்கு அடியில், இரண்டே ஓட்டை கொண்ட ஒரு சின்ன இணைப்பு எதிலும் செருகப்படாமல் தொங்கும். சாவியை அணைத்துவிட்டு, கிளிப்பை வளைத்து அந்த இரண்டு ஓட்டைகளையும் இணைக்க வேண்டும். பிறகு சாவியை ‘ஆன்’ வரை திருப்ப வேண்டும். ஸ்டார்ட் செய்யக் கூடாது. மீட்டரில் உள்ள இஞ்சின் விளக்கு சிமிட்டத் தொடங்கும். நீண்ட சிமிட்டல் ஒவ்வொன்றும் பத்து. குறுகிய சிமிட்டல் ஒவ்வொன்றும் ஒன்று. இரண்டு நீளம், இரண்டு குட்டை என்றால் 22. பல கோளாறுகள் பதிவாகியிருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பக்கத்தில் மூன்று ஓட்டை இணைப்பு இருந்தால் அதில் கிளிப்பைச் செருகாதீர்கள். மஞ்சள் நிற இணைப்புகள் காற்றுப்பைக்கு உரியவை. அந்தப் பக்கமே கை போகக் கூடாது.

அந்தக் கால ஹோண்டாக்களில் அடிக்கடி வரும் எண்கள் சில: 1 ஆக்சிஜன் சென்சார், 3 காற்றழுத்த சென்சார், 6 தண்ணீர்ச் சூடு, 7 திராட்டில், 4, 8, 9 மூன்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார்கள், 21 விடெக் சோலினாய்டு, 22 விடெக் பிரஷர் சுவிட்ச்.

பட்டியலைப் பார்த்தால் நேரே கடைக்குப் போகத்தான் தோன்றும். அங்கேதான் பணம் போகிறது.

22க்கு வருவோம். விடெக் இஞ்சினில் கேம் இரண்டு விதம்: மெதுவான ஓட்டத்துக்கு ஒன்று, 5,000 சுற்றுகளைத் தாண்டிய ஓட்டத்துக்கு இன்னொன்று. வேகம் ஏறும்போது இஞ்சின் கணினி ஒரு வால்வைத் திறக்கும். இஞ்சின் எண்ணெய் அழுத்தத்தோடு பாய்ந்து சிறிய ஊசிகளைத் தள்ளி, பெரிய கேமோடு பூட்டும். எண்ணெய் உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்வது அந்தச் சுவிட்ச். “திறக்கச் சொன்னேன், அழுத்தம் வந்ததாகத் தகவல் இல்லை” என்பதுதான் 22. சுவிட்ச் கெட்டிருக்கலாம். ஒயர் அறுந்திருக்கலாம். வால்வின் வலைச்சல்லடை அடைத்திருக்கலாம். அல்லது அழுத்தம் கொடுக்க எண்ணெயே இல்லாமல் இருக்கலாம்.

அளவுக்கம்பியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில் ஒரு சொட்டு.

அவன் முகம் மாறிவிட்டது. சுமார் 4 லிட்டர் பிடிக்கும் இஞ்சின் அது. ஒன்றரை லிட்டர் ஊற்றிய பிறகுதான் மேல்கோட்டைத் தொட்டது. ஒழுகல் இல்லை, இஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்கிறது. பழைய ரிங், பழைய வால்வு சீல். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வருமே, அதுதான் அடையாளம். “சிவப்பு எண்ணெய் விளக்கு எரியலையே மாமா” என்றான். அந்த விளக்கு எண்ணெயின் அளவைப் பார்ப்பதில்லை. அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் எரியும். அதற்குள் பேரிங்குகள் காய்ந்து தேயத் தொடங்கிவிடலாம். புதுச் சுவிட்சை மாட்டி, அதே எண்ணெயோடு நெடுஞ்சாலையில் மிதித்திருந்தால் சுவிட்ச் புதிதாக இருந்திருக்கும், இஞ்சின் போயிருக்கும்.

எண்ணெய் ஊற்றிய பிறகு கோடை அழித்தோம். பானட்டுக்குள் இருக்கும் ‘பேக் அப்’ பியூஸைப் பத்து விநாடி கழற்றி மாட்டினால் போதும். ரேடியோ நினைவும் கடிகாரமும் சேர்ந்து அழியும். அழிக்கும் முன் எண்ணைத் தாளில் எழுதி வைக்கச் சொன்னேன். அதன்பின் 22 திரும்பி வரவில்லை.

கோட் என்பது ஒரு புகார்க் கடிதம். எந்த வாசலிலிருந்து புகார் வந்தது என்று சொல்லும். குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்லாது. ஹாஃப் கட் இஞ்சின் உள்ள கார்களில் இது இன்னும் சிக்கல். இஞ்சினும் கணினியும் ஒரு காருடையவை, ஒயர் கூட்டம் இன்னொரு காருடையது. கணினி தேடும் நாக் சென்சாருக்கு ஒயரே இழுக்கப்படாமல் இருந்தால் 23 வரும். நூறு நாக் சென்சார் வாங்கினாலும் அது போகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு மாதம் கழித்து அதைக் கற்றுக்கொண்டோம்.

அக்காவை ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தான். காரை வெயிலில் நிறுத்திவிட்டுப் போனவர்கள் நண்பகலில் திரும்பி வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. அக்கா அர்ச்சனைத் தட்டோடு வெயிலில் நின்றார். இழுவை வண்டி வந்து சேர்ந்தபோது சூடு தணிந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. இழுவைக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றினார்கள். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் போனது. மூன்றாம் வாரம், ஒரு கடைத்தொகுதியின் திறந்தவெளியில், அதே நண்பகல், அதே கதை. என்னைக் கூப்பிட்டான். “மாமா, கிளிப் போட்டுப் பார்த்துட்டேன். சிமிட்டவே இல்ல. கோட் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்? அப்புறம் ஏன் காடி எடுக்கல?”

பழைய கணினிக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஒரு சென்சாரின் ஒயர் அறுந்தாலோ, எண் நம்ப முடியாத அளவுக்குப் போனாலோதான் அது பதிவு செய்யும். தண்ணீர் 90 பாகையில் இருக்கும்போது சென்சார் 60 என்று பொய் சொன்னால், அது நம்பக்கூடிய எண் என்பதால் கணினியும் நம்பிவிடும். சில பாகங்களை அது கவனிப்பதே இல்லை. பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலே அதில் ஒன்று.

“கிளிப்பை எடுத்துடு. சாவியை அணைச்சிட்டு மறுபடி ஆன் வரைக்கும் திருப்பு. பின் சீட் பக்கம் காதைக் கொடு. ரெண்டு விநாடி ‘ங்ங்’னு பம்ப் சத்தம் வரணும்.”

“விளக்கு ரெண்டு விநாடி எரிஞ்சு அணையுது. சத்தம் இல்ல மாமா.”

பம்ப்போ புதியது. அப்படியென்றால் அதற்கு மின்சாரம் போகவில்லை. அன்று மாலை டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்தோம். ஈயப்பற்று வைத்த கால்கள் இரண்டைச் சுற்றி மயிரிழை போல வட்ட விரிசல். குளிர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும், பூட்டிய கார் வெயிலில் வெந்ததும் விரிந்து விலகும். அந்தக் கால ஹோண்டாக்களுக்கு இது தெரிந்த நோய்தான். பழைய ஈயத்தை உருக்கிப் புதிதாகப் பற்று வைத்தோம். செலவு, கொஞ்சம் ஈயக்கம்பி. மாற்றிய பம்ப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் குற்றமற்றவை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எங்களிடம் பழைய கார் இல்லையே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் புதிய காரிலும் கதை இதேதான். அங்கே கோட் ஓர் எழுத்தும் நான்கு இலக்கமுமாக வரும். ‘பி’ என்றால் இஞ்சினும் கியரும். அடுத்த 0 என்றால் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானது, 1 என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது. பி0171 என்பது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற புகார். அதை எழுதி அனுப்பியது ஆக்சிஜன் சென்சார். அதற்காகச் சென்சாரையே மாற்றினால், கடிதம் கொண்டுவந்த தபால்காரரைத் தண்டித்ததாகிவிடும். காரணம் எங்கோ வெடித்த ஒரு ரப்பர்க் குழாயாக இருக்கலாம். புதிய கார்களில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஓடும்போது இஞ்சின் விளக்கு எரிந்தபடி நின்றால் விரைவில் பட்டறைக்குப் போங்கள், அதுவே சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டு அழிக்கிறது என்று அதற்குப் பொருள்.

பட்டறைக்குப் போகும்போது மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு போங்கள். என்ன எண் வந்தது? அந்த எண்ணுக்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்? மாற்றச் சொல்லும் பாகத்தைச் சோதித்துப் பார்த்தீர்களா? நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். மீட்டரை எடுத்துக் காட்டுவார். கோளாறு வந்த நேரம், வெயிலா மழையா, வண்டி சூடா குளிரா என்று நீங்கள் எழுதிக் கொண்டுபோனால் அவர் வேலையும் பாதியாகும். ரிலேயைக் காட்டிக்கொடுத்தது கோட் இல்லை, ‘நண்பகலில் மட்டும்’ என்ற ஒரு தகவல்தான்.

இப்போது என் மருமகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அளவுக்கம்பியைப் பார்க்கிறான். சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி ரேடியோவையும் பேச்சையும் நிறுத்தச் சொல்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவும் சேர்ந்து காது கொடுக்கிறார். சத்தம் வந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்: “நல்ல விலை வரும்போதே வித்துட்டு ஒரு மைவி வாங்குடா.”