பெட்டிக்குள் பெட்டி

பாறசாலையில் பஸ் ஏறினால் சில நிமிடங்களில் களியக்காவிளை. அதற்குள் மாநிலம் மாறிவிடுகிறது. வண்டி நம்பர் கே.எல். 19-லிருந்து டி.என். 75 ஆகிறது, பின்கோடு 695502-லிருந்து 629153 ஆகிறது.

இந்த எல்லைக்கு வயது, 1956 நவம்பர் 1-லிருந்து. அன்று திருவனந்தபுரம் மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆனால் கல்யாணச் சம்பந்தம் எல்லை பார்த்தா நடக்கிறது?

பாறசாலைப் பெண் ஒருத்தி களியக்காவிளையில் வாழ்க்கைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் அவள் முகவரியை மாற்ற வேண்டும். சின்ன வேலைதானே? அங்கேதான் புரோகிராம் எழுதுபவர்கள் சறுக்குகிறார்கள்.

கம்ப்யூட்டரில் குடும்பம் என்பது ஒரு பெட்டி. அதற்குள் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெட்டி. அதற்குள் முகவரிப் பெட்டி. அதற்குள்தான் மாநிலம், மாவட்டம், தாலுகா, பின்கோடு. மாநிலத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்தால், 'தமிழ்நாடு, திருவனந்தபுரம் மாவட்டம்' என்று உலகத்திலேயே இல்லாத ஊர் ஒன்று உருவாகிவிடும். இந்தத் தப்பாவது பார்த்தவுடன் தெரியும்.

இன்னொன்று தெரியாது. ஒரே வீட்டில் இருந்ததால் அப்பாவுக்கும் மகளுக்கும் தனித்தனி முகவரிப் பெட்டி போடாமல், இருவர் பதிவும் ஒரே பெட்டியைச் சுட்டும்படி எழுதியிருப்பார்கள். மகளின் பதிவு வழியாக உள்ளே போய் மாநிலம் முதல் பின்கோடு வரை சரியாகவே மாற்றினாலும், அப்பாவும் தமிழ்நாட்டுக்காரர் ஆகிவிடுவார். மறுநாள் ரேஷன் கடையில் அவர் பெயர் இருக்காது. எந்தப் பிழைச் செய்தியும் திரையில் வராது.

நகல் எடுத்துவிட்டு மாற்றினால் போதாதா? எந்த நகல் என்பதைப் பொறுத்தது. பைத்தான் மொழியில் 'காப்பி' வெளிப்பெட்டியை மட்டுமே நகலெடுக்கும். உள்ளே இருக்கும் முகவரிப் பெட்டி பழையதுதான், பொதுவானதுதான். அடிவரை தனி நகல் வேண்டுமானால் 'டீப்காப்பி' என்று கேட்க வேண்டும். அதைவிடச் சுலபம், மகளுக்குப் புதிதாக ஒரு முகவரிப் பெட்டி செய்து பழையதன் இடத்தில் வைத்துவிடுவது. அப்பாவின் பெட்டியை யாரும் தொடவில்லை.

ஆகவே உள்ளே கை வைக்குமுன் ஒரு கேள்வி: இந்தப் பெட்டி இன்னும் யாருக்குச் சொந்தம்? கல்யாணம் மகளுக்கு; அப்பாவை ஏன் எல்லை கடத்துவானேன்?